போர் விமானி ஆக என்.டி.ஏ.வா, டிகிரி முடித்து ஆஃப்கேட்டா? சேலத்துப் பெண்களுக்கு ஓர் ஒப்பீடு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு "நான் ஃபைட்டர் பைலட் ஆகணும்" என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால், அடுத்த வாரமே யாராவது ஒரு கோச்சிங் சென்டரின் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிளஸ் டூ முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதலாம், இல்லையென்றால் டிகிரிக்குப் பிறகு விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஆஃப்கேட் எழுதலாம் என்று அதில் இரண்டு வழியும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போகிற பாதைகள்தான். ஆனால் எத்தனை முறை முயலலாம், எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை வருடம் பறக்கலாம், எங்கே தவறினால் மறு வாய்ப்பே கிடையாது என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு. சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கத்துப் பெண்கள் முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே ஒப்பிட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு. "போர் விமானி" என்று தனி விண்ணப்பம் எதுவும் இல்லை. எந்த வழியில் போனாலும் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குத்தான் தேர்வாகிறீர்கள். ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் பிலாட்டஸ் பிசி-7 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் முதல் கட்டம் நடக்கும். அது முடிந்த பிறகுதான் ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். ஆனால் பறந்த விதமும் படையின் தேவையும் சேர்ந்துதான் முடிவாகும். ஃபைட்டர் கிடைத்தவர்கள் அடுத்த கட்டங்களைக் கடந்து, கர்நாடகத்தின் பீதரில் ஹாக் ஜெட்டில் பயிற்சி பெற்ற பிறகே ஸ்குவாட்ரன் எனும் விமானப் படைப்பிரிவுக்குப் போவார்கள். ஹெலிகாப்டர் கொடுத்தாலும் முழு மனதோடு ஓட்டுவேன் என்று சொல்லக்கூடியவர்களுக்கே இந்த வழி பொருந்தும்.

பெண்களுக்கு ஃபைட்டர் கதவு திறந்தது அண்மையில்தான். 2015 அக்டோபரில் சோதனை முயற்சியாக அனுமதி வந்தது. 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் துண்டிகல்லில் அதிகாரிகளானார்கள். 2018 பிப்ரவரியில் அவனி மிக்-21 பைசன் விமானத்தைத் தனியாக ஓட்டினார். 2022-இல் அந்தச் சோதனைத் திட்டம் நிரந்தரமானது. இன்று நமக்குப் பக்கத்திலேயே, சூலூரில் தேஜஸும் தஞ்சாவூரில் சுகோய்-30-உம் நிற்கின்றன.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒரு டேப்பும் ஒரு கண் பரிசோதனையும்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்பே பதில் தெரிய வேண்டியவை சில உண்டு. படிப்பாலோ பயிற்சியாலோ இவற்றை மாற்ற முடியாது. அதனால்தான் இவற்றை முதலில் சொல்கிறோம்.

பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுதான். காக்பிட்டில் பெடல் எட்ட வேண்டும், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கக் கூடாது, தலை மேல் கூரையில் முட்டக் கூடாது. அதனால் காலையும் தொடையையும் தனித்தனியே அளப்பார்கள். கால் நீளம் 99 செ.மீ.க்குக் குறையாமலும் 120 செ.மீ.க்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். தொடை நீளம் 64 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்த நிலை உயரம் 81.5-இலிருந்து 96 செ.மீ. வரை.

வீட்டிலேயே அளக்கலாம். செருப்பில்லாமல் தரையில் உட்கார்ந்து, முதுகும் இடுப்பும் சுவரோடு ஒட்டியிருக்க, கால்களை நேராக நீட்டுங்கள். முழங்காலைத் தரையோடு அழுத்துங்கள், பாதம் நேராக நிற்கட்டும். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை தையல் டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தால் அதுதான் கால் நீளம். இடுப்பு ஒரு விரல் அளவு முன்னால் நகர்ந்திருந்தாலும் கணக்கு ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். எனவே வேறொருவர் பிடிக்க மூன்று முறை அளந்து பாருங்கள். தொடைக்கு, நாற்காலியில் முழங்கால் செங்கோணமாக மடங்க உட்கார்ந்து இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் முன்பக்கம் வரை. 163 செ.மீ. உயரம் இருந்தும் கால் நீளம் 98 வந்து நின்றுபோகிறவர்கள் உண்டு. உயரம் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

அடுத்தது கண். ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும். அந்த 6/9-உம் தூரப்பார்வையால், அதாவது பிளஸ் பவரால் வந்ததாக இருந்து, கண்ணாடி போட்டால் 6/6 ஆக வேண்டும். கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், பறக்கும் பிரிவுக்கு ஆகாது. கடைக்காரர் மெஷினில் பார்த்து எழுதித் தரும் சீட்டு போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற இடத்தில் கண் மருத்துவரிடம் போய், கண்ணில் மருந்து ஊற்றி பவர் பார்க்கச் சொல்லுங்கள். இஷிஹாரா புத்தகத்தில் நிறக் குருடும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து ஊற்றாமல் பார்த்தால், இளம் கண் தசையை இறுக்கி, இருக்கும் பவரை மறைத்துவிடும். அன்றைக்கு மட்டும் கிட்டத்தில் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

லேசிக் என்ற லேசர் கண் அறுவை செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். 20 வயதுக்கு முன் செய்த லேசிக்கை விமானப்படை ஏற்காது. என்.டி.ஏ.வுக்கு வயது வரம்பே 19½ என்பதால் அந்த வழிக்கு லேசிக் உதவவே உதவாது. ஆஃப்கேட்டுக்குப் போகிறவர்களும் அறிவிக்கையின் மருத்துவப் பகுதியை மருத்துவரிடம் காட்டி, கருவிழித் தடிமன் போன்ற நிபந்தனைகளைப் பேசிய பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

சேர்வராயன் மலைப் பெண்களின் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு: மலைவாழ் மக்களுக்கு உயரத்திலும் வயதிலும் சலுகை இருக்கும், எஸ்.டி. சான்றிதழ் இருந்தால் இடஒதுக்கீடு கிடைக்கும் என்று. அப்படி இல்லை. என்.டி.ஏ., ஆஃப்கேட் இரண்டிலும் சாதிவாரி இடஒதுக்கீடோ வயதுத் தளர்வோ கிடையாது. உயரச் சலுகை பெறும் மலைப்பகுதிகளின் பட்டியலில் நம் மலைகள் இல்லை. அந்தச் சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் பயன்படும். இந்தத் தேர்வை அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

பிளஸ் ஒன் குரூப்

இதை நீட்ட வேண்டியதில்லை. கணக்கும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த குரூப் எடுங்கள். பயாலஜி மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டும் சரி. கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ், காமர்ஸ் எடுத்தால் இரண்டு வழியும் அடைபடும். என்.டி.ஏ.யில் விமானப்படைக்கு இந்த மூன்று பாடங்களோடு பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். ஆஃப்கேட்டில் டிகிரி எதுவாக இருந்தாலும் பிளஸ் டூ கணக்கிலும் இயற்பியலிலும் தனித்தனியே 50 சதவீதம் கேட்பார்கள். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போய், பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழி நம் மாவட்டத்தில் பலருக்குப் பிடித்தமானது. விமானி ஆசை இருந்தால் அந்த வழி வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்தான் இங்கே அடித்தளம்.

என்.டி.ஏ.: நீண்ட பணி, மிகக் குறைந்த இடம்

2021-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த நவம்பரில் பெண்கள் முதல் முறையாக என்.டி.ஏ. தேர்வு எழுதினார்கள். 2022-இல் சேர்ந்த முதல் அணி 2025 மே மாதம் புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள என்.டி.ஏ. அகாடமியில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. 17 பெண்கள்.

வயது 16½-இலிருந்து 19½ வரை, பாடப்பிரிவு தொடங்கும் தேதியில். திருமணமாகியிருக்கக் கூடாது. ஏப்ரலிலும் செப்டம்பரிலும் யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்தும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கணக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் 600, இரண்டுக்கும் தலா 2½ மணி நேரம். அதில் தேறினால் 900 மதிப்பெண்ணுக்கு எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வு. பிளஸ் டூ படிக்கும் செப்டம்பரில் தொடங்கினால், நம் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கமான வயதுக்கு ஏறக்குறைய நான்கு முறை எழுதலாம்.

கணக்கில் 120 கேள்வி, 150 நிமிடம். கேள்விக்கு 75 வினாடி. நம் பாடத்திட்டத்தில் அணி, வெக்டர், முக்கோணவியல், நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாமே வந்துவிடும், பாடம் புதிதில்லை. வேகம்தான் புதிது. ஐந்து மதிப்பெண் கணக்கைப் படிப்படியாக எழுதிப் பழகிய கை, விடையை மட்டும் தேடத் தடுமாறும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் பிளஸ் ஒன்னிலிருந்தே கணக்கு, இயற்பியல் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்துப் படித்துவர வேண்டும். பொதுத்திறன் தாளில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200 மதிப்பெண் இருக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம், நிரந்தரப் பணி. மூன்று வருடப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. டிகிரியும் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு துண்டிகல்லில் பறக்கும் பயிற்சி.

பலவீனமும் பெரியது. சமீப அறிவிக்கைகளில் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு ஒரு பாடப்பிரிவில் 92 இடங்கள். அதில் பெண்களுக்கு 2. நாடு முழுக்க எழுதும் பெண்களில் இரண்டே பேர். தொழில்நுட்பத் தரைப்பணிக்கு 2, தொழில்நுட்பம் சாராததற்கு 2 என்று தனியே உண்டு. கோச்சிங் நோட்டீஸில் இந்த எண் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிக்கையைத் திறந்து, "பெண்களுக்கு" என்று போட்டிருக்கும் எண்ணை நீங்களே பாருங்கள். அது கூடியிருந்தால் நல்லது. அப்படியே இருந்தால், என்.டி.ஏ.யை மட்டும் நம்பி ஒரு வருடம் கல்லூரி சேராமல் வீட்டில் உட்கார்ந்து படிப்பது சரியான முடிவு அல்ல. ரிப்பீட்டர் வருடம் என்று ஒன்றை இதற்காக யாரும் ஒதுக்க வேண்டாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆஃப்கேட்: வாய்ப்பு அதிகம், பணிக்காலம் 14 வருடம்

விமானப்படையே நடத்தும் கணினித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம். சரிக்கு 3, தவறுக்குக் கழிவு 1. கணக்குப் பகுதி பத்தாம் வகுப்பு அளவு, மற்றபடி ஆங்கிலம், பொது அறிவு, பகுத்தறிவு. எழுத்துத் தேர்வு என்ற அளவில் என்.டி.ஏ.யை விட இது எளிது. பாடப்பிரிவு தொடங்கும் நாளில் வயது 20-இலிருந்து 24-க்குள் இருக்க வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தால் 26 வரை. இரண்டு வயதுச் சலுகைக்காக மட்டும் அந்த லைசென்ஸுக்கு அரைக்கோடியைத் தொடும் பணத்தைச் செலவிடுவது அர்த்தமில்லை. லைசென்ஸ் இருந்தாலும் தேர்வு முறை ஒன்றுதான்.

பறக்கும் பிரிவில் பெண்களுக்கான இடம் ஒவ்வொரு அறிவிக்கைக்கும் மாறும். சிலவற்றில் பத்தை ஒட்டி, சிலவற்றில் அதைவிடக் குறைவு. எப்படியும் வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் என்.டி.ஏ.யை விட இங்கே கதவு அகலம். இதில் கிடைப்பது குறுகிய காலப் பணி, அதிகாரியான நாளிலிருந்து 14 வருடம். முப்பதுகளின் பிற்பகுதியில் வெளியே வருவீர்கள். பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. வெளியே வந்து விமான நிறுவனங்களுக்குப் போக, சிவில் லைசென்ஸுக்கான தேர்வுகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

டிகிரி எது என்பதில்தான் சேலத்து வீடுகளில் அதிக விவாதம். கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி.யா, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ.யா? விமானப்படைக்கு இரண்டும் ஒன்றே. 60 சதவீதம் வேண்டும், அவ்வளவுதான். வேறுபாடு வயதுக் கணக்கில் இருக்கிறது. மூன்று வருட டிகிரி படிப்பவர் இறுதியாண்டில் தொடங்கினால் 24-க்குள் சுமார் ஆறு முறை முயலலாம். நான்கு வருட பி.இ. படித்தால் சுமார் நான்கு. இரண்டு முயற்சி குறைகிறது. ஆனால் பி.இ. இருந்தால் விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவும் கடற்படையும் கூடுதலாகத் திறக்கும், எதுவும் அமையாவிட்டால் வேலைக்கும் போகலாம். இயற்பியலோ கணக்கோ பிடித்துப் படிக்கிற பெண்ணுக்கு பி.எஸ்சி., இயந்திரங்களில் நாட்டமும் மதிப்பெண்ணும் இருந்தால் பி.இ. என்பதே எங்கள் பரிந்துரை. விமானி ஆக ஏரோநாட்டிகல்தான் படிக்க வேண்டும் என்பது தேவையில்லாத கட்டாயம்.

இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் அரியர் இருக்கக் கூடாது. அதுவரை எழுதிய செமஸ்டர்களில் 60 சதவீதமும் இருக்க வேண்டும். முதல் வருடத்துக் கணக்குத் தாளில் விழும் ஒரு அரியர், மூன்றாவது வருடத்தில் ஒரு முழு முயற்சியைப் பறித்துவிடும்.

வாழ்நாளில் ஒரே முறை: சி.பி.எஸ்.எஸ்.

இரண்டு வழிகளையும் ஒப்பிடும்போது எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். எங்கள் கணக்கில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியதும் இதுதான்.

பறக்கும் பிரிவைக் கேட்கிற எல்லோருக்கும் கணினி வழி விமானித் திறன் சோதனை ஒன்று உண்டு. சுருக்கமாக சி.பி.எஸ்.எஸ். இதில் ஒரு முறை தவறினால் வாழ்நாள் முழுக்கப் பறக்கும் பிரிவுக்குத் தகுதி கிடையாது. என்.டி.ஏ. வழியாகப் போய்த் தவறினாலும் ஆஃப்கேட் வழி சேர்ந்தே மூடும். அதாவது 17 வயதில், "சும்மா எழுதிப் பார்க்கலாமே" என்று பறக்கும் பிரிவை விருப்பமாகக் கொடுத்து, தயாரிப்பில்லாமல் போய் உட்கார்ந்தால், 21 வயதில் கிடைக்கக்கூடிய ஆறு வாய்ப்பும் அன்றைக்கே போய்விடும். எழுத்துத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் மறுபடி எழுதலாம். இதை எழுத முடியாது.

சோதனையில் இரண்டு பாகம். முதலாவது, விமானக் கருவிகளைப் படிப்பது. திரையில் டயல்கள் வரும். அவற்றைப் பார்த்து விமானம் எந்தத் திசையில், எந்த உயரத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அங்கேயே விளக்கம் தருவார்கள், ஆனால் முதல் முறையாகப் பார்ப்பவருக்கு அந்த நேரம் போதாது. ஆறு கருவிகளை வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள்: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திசைகாட்டி, திரும்பல் காட்டி, ஏற்ற இறக்க வீதமானி.

உயரமானியில்தான் அதிகம் தவறுகிறார்கள். கடிகாரம் போல முள் இருக்கும். நீண்ட முள் நூறுகளையும் குட்டை முள் ஆயிரங்களையும் காட்டும். குட்டை முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், நீண்ட முள் 5-இல் இருந்தால் 4,500 அடி. ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி உயரம், அங்கே குட்டை முள் 5-ஐ ஒட்டி நிற்கும். காமலாபுரம் விமான நிலையத்தில் அது 1-ஐ ஒட்டி நிற்கும். நேரம் பார்த்துப் பழகிய கண் இரண்டு முள்ளையும் மாற்றிப் படித்துவிடும் என்பதால், முதலில் குட்டை முள், பிறகு நீண்ட முள் என்ற வரிசையைக் கைக்கு வரும்வரை பழகுங்கள். செயற்கை அடிவானத்திலும் ஒரு குழப்பம் உண்டு. அசைவது அடிவானக் கோடு, நடுவில் உள்ள சிறு விமானக் குறி அசையாது. கோடு இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் உயர்ந்தால் விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பத்துப் படம் வரைந்து பார்த்தால் பிடிபடும்.

இரண்டாவது பாகம் கையும் காலும் ஒத்துழைக்கும் சோதனை. இருக்கையில் உட்கார்ந்து, கையில் ஸ்டிக், காலில் பெடல். திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும் புள்ளியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், இடையிடையே வரும் விளக்கு, ஒலி போன்ற குறிப்புகளுக்கும் பதில் கொடுக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் மூன்று வகை. புள்ளி விலகியதும் பதறி ஸ்டிக்கை முழுக்கத் தள்ளுவது, அது எதிர்ப்பக்கம் ஓட, திரும்பவும் இழுப்பது; சிறு அசைவாகக் கொடுத்து நிறுத்திப் பார்த்து மறுபடி கொடுப்பதே சரி. அடுத்தது, புள்ளியையே பார்த்து விளக்கை மறந்துவிடுவது. மூன்றாவது, கை இடப்பக்கம் போகும்போது காலும் தன்னையறியாமல் அதே பக்கம் அழுத்துவது.

இதற்கு ஒரு கணினி, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக், முடிந்தால் செகண்ட்ஹேண்ட் பெடல், ஏதாவது ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் போதும். மொபைல் கேம் பயன்படாது, அதில் கால் இல்லை. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகும் என்பது யோசிக்காமலே வர வேண்டும். தினம் 20 நிமிடம், மூன்று மாதம். ஒரு நாள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பயனில்லை. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த பெண்களுக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். கால்தான் நேரம் எடுக்கும். சோதனைக்கு முந்தைய இரவு தூக்கம் கெட்டால் கை நடுங்கும், எதிர்வினை தாமதமாகும். அந்த இரவில் படிக்க எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எது?

சி.பி.எஸ்.எஸ். காத்திருக்கச் சொல்கிறது. கண் அவசரப்படுத்துகிறது. கிட்டப்பார்வை படிக்கிற வயதில்தான் வளரும். 17-இல் 6/6 இருந்த கண், நான்கு வருடம் லேப்டாப்பிலும் போனிலும் கழிந்த பிறகு 21-இல் மைனஸ் 0.75 காட்டலாம். அம்மா, அப்பா, அண்ணன், அக்கா என்று வீட்டில் மைனஸ் கண்ணாடி போட்டவர்கள் இருந்தால் அந்த ஆபத்து கூடுதல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முடிவு இருக்கிறது.

குடும்பத்தில் கிட்டப்பார்வை அதிகம், உங்கள் கண் இப்போது சரியாக இருக்கிறது, அளவுகள் எல்லாம் பொருந்துகின்றன, கணக்கு நன்றாக வருகிறது என்றால் என்.டி.ஏ.யைத் தீவிரமாக எடுங்கள். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையிலேயே சி.பி.எஸ்.எஸ். பயிற்சியையும் தொடங்குங்கள். விருப்ப வரிசையில் பறக்கும் பிரிவைப் போட்டுவிட்டு, அழைப்புக் கடிதம் வந்த பிறகு ஜாய்ஸ்டிக் வாங்கக் கூடாது. பிளஸ் டூ முடிந்ததும் கல்லூரியிலும் சேர்ந்துவிடுங்கள், தேர்வு அதன்பாட்டுக்கு நடக்கட்டும்.

ஆங்கிலம் இன்னும் சரளமாகவில்லை, கணினியே வீட்டில் இல்லை, கண் குடும்பத்தில் எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது என்றால் ஆஃப்கேட்டை முதன்மை வழியாக வைத்து பி.எஸ்சி. சேருங்கள். என்.டி.ஏ. எழுத்துத் தேர்வை அனுபவத்துக்காக எழுதலாம், அதில் இழப்பில்லை. நேர்முகத் தேர்வு அழைப்பு வரை போனால், பறக்கும் பிரிவுக்குத் தயாரா என்று அப்போது நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வரும் பெண்களில் பலருக்கு இந்த இரண்டாவது வழியே பொருத்தம் என்று நினைக்கிறோம். 17-இல் இல்லாத ஆங்கிலமும் நிதானமும் 21-இல் இருக்கும்.

கல்லூரியில் சேரும்போது என்.சி.சி. பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஏர் விங்கா, ஆர்மி விங்கா? ஏர் விங் சீனியர் பிரிவில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் பறக்கும் பிரிவு நேர்முகத் தேர்வுக்குப் போகும் சிறப்பு வழி உண்டு. ஆஃப்கேட் இடங்களில் 10 சதவீதம் அதற்கு. ஆர்மி விங் சான்றிதழ் இதற்குச் செல்லாது. ஆளுமைக்கு எந்த விங்கும் நல்லதுதான், ஆனால் இந்த வழிக்காகச் சேர்கிறவர் தெரிந்து சேர வேண்டும்.

கடற்படை வழி பி.இ. படித்தவர்களுக்கு. எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் அடிப்படையில் அழைப்பார்கள். டிகிரியில் மட்டுமல்லாமல் பத்து, பிளஸ் டூவிலும் 60 சதவீதம், ஆங்கிலப் பாடத்தில் தனியே 60 சதவீதம் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா கடற்படையின் ஃபைட்டர் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். ஆக அந்தக் கதவும் இப்போது திறந்திருக்கிறது. தரைப்படை விமானப் பிரிவில் ஹெலிகாப்டர் உண்டு, ஃபைட்டர் இல்லை. பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு பெண்களுக்கு இதுவரை தரைப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் சென்னை ஓ.டி.ஏ.வுக்கான வழியாகவே இருந்து வந்திருப்பதால், ஃபைட்டர் ஆசைக்கு அதை நம்ப வேண்டாம்.

மைசூருவும் மருத்துவப் பரிசோதனையும்

எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்முகத் தேர்வை நடத்தும் விமானப்படைத் தேர்வு வாரியம் டேராடூன், வாரணாசி, காந்திநகர், மைசூரு போன்ற ஊர்களில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க வாய்ப்பு தந்தால் நமக்கு மைசூரு வசதி. சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர், பெங்களூரு வழியாக நேரடி ரயில் உண்டு. என்.டி.ஏ.வோ ஆஃப்கேட்டோ, அந்த வகைத் தேர்வுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

முதல் நாள் படம் காட்டிக் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசவிட்டு, பாதிக்கு மேல் அன்றே திருப்பி அனுப்புவது வழக்கம். நம் பெண்கள் பெரும்பாலும் அந்தக் குழுப்பேச்சில் மௌனமாக இருந்துதான் திரும்புகிறார்கள். எளிய ஆங்கிலத்தில், இலக்கணம் சற்றுப் பிசகினாலும், இரண்டு மூன்று முறை வாய் திறந்து பொருளோடு பேசிவிட வேண்டும். இதற்குத் தினமும் ஒரு படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் சத்தமாகக் கதை சொல்லிப் பழகுவதே மருந்து.

உடல் தகுதியில் ஆஃப்கேட் அறிவிக்கை கேட்பது: 1.6 கி.மீ. ஓட்டம் 10 நிமிடத்துக்குள், 10 புஷ்-அப், 3 சின்-அப். ஓட்டம் காந்தி ஸ்டேடியத்தில் இரண்டு மாதத்தில் வந்துவிடும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைச்சாலையில் ஏறுவது காலுக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆனால் இறங்கும்போது ஓடாதீர்கள். முழங்கால் வலியோடு மருத்துவக் குழு முன் நிற்க நேரும். பெண்களுக்குக் கடினம் சின்-அப். ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஸ்டூலை விட்டுவிட்டு ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐந்து முறை. முதல் முழு சின்-அப் வர மூன்று நான்கு மாதம் ஆகலாம். வெறும் ஓட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது உடல் எடை பல மடங்காக அழுத்தும், ரத்தம் காலுக்கு இறங்கும். அதைத் தாங்குவது தொடை, வயிறு, கழுத்துத் தசைகள்தான்.

மருத்துவத்தில் பெண்கள் தவிர்க்கக்கூடிய காரணங்களுக்காக நிற்கிறார்கள். ரத்தசோகை முதலிடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் விடாமல் சாப்பிடுங்கள். நல்ல பற்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள், மொத்தம் 14 வேண்டும்; சொத்தைப் பல்லை முன்பே அடைத்துவிடுங்கள். வயிற்று ஸ்கேன், முதுகெலும்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். மாதவிடாய் மிகவும் தவறுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். பச்சை குத்திக்கொள்ளும் ஆசை இருந்தால் முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு எங்கும் கூடாது. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பு காதுக் குறும்பியை எடுத்துவிட்டுப் போவதும் ஒரு நாள் அலைச்சலைக் குறைக்கும்.

வீட்டில் பேச வேண்டிய விஷயம் கல்யாணம். 25 வயதுக்குள் விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணம் செய்யக் கூடாது. செய்தால் வெளியே அனுப்புவார்கள், அதுவரை ஆன செலவையும் கேட்பார்கள். டிகிரி முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகளில் இதை அறிவிக்கையிலேயே படித்துக் காட்டி, 24 வரை அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பற்றிய கவலைக்கும் பதில் உண்டு. துண்டிகல் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, அதிகாரியானதும் அதே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவச் சேவைப் படி 15,500-உம் பறக்கும் படியும் சேரும். கடன் வாங்க வேண்டிய இடம் இந்தப் பாதையில் எங்கும் இல்லை.

சி.பி.எஸ்.எஸ். தவறிப்போன பெண்ணுக்கு விமானப்படையே மூடிவிடுவதில்லை. தரைப்பணிப் பிரிவுகளுக்கு அதே ஆஃப்கேட்டில் விண்ணப்பிக்கலாம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் போர்க் கட்டுப்பாடும் அதில் அடங்கும். சிவில் விமானி உரிமத்துக்கும் அந்தச் சோதனைக்கும் தொடர்பில்லை. ஆஃப்கேட் விண்ணப்பத்தில் பறக்கும் பிரிவோடு தரைப்பணிகளையும் விருப்ப வரிசையில் நிரப்பும் இடம் இருக்கும், அதைக் காலியாக விடாதீர்கள்.